முன்கூட்டி எழுதிய சீட்டு

எங்கள் கோயிலில் ஸ்தோத்திரக் காணிக்கை படைக்கிறவர்கள் அதற்கான காரணத்தை ஒரு சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். ஞாயிறு ஆராதனையில் அதை வாசிப்பார்கள். அந்த வீட்டுக்காரர்கள் எழுந்து நிற்க, சபையார் எல்லோரும் ‘ஸ்தோத்திரம்’ என்பார்கள். வேலை கிடைத்தால் சீட்டு, காய்ச்சல் விட்டால் சீட்டு. தாராவியில் குழாயில் தண்ணீர் வந்ததற்கும் ஒருநாள் எழுதப் போகிறார்கள் என்று நான் கேலி பேசியதுண்டு.

அறுபதுகளின் நடுவில் என் மனைவி உண்டாகியிருந்தாள். அதற்கு முன் இரண்டு தடவை கலைந்து போயிருந்தது. இந்தத் தடவை ஏழாம் மாதத்திலேயே சீட்டு எழுதிவிட்டாள். சுகப்பிரசவத்துக்காகவும் கர்த்தர் தந்த குழந்தைக்காகவும் என்று எழுதி, ஆணா பெண்ணா என்பதற்கு மட்டும் இடம் விட்டிருந்தாள். அவசரக்குடுக்கை என்று திட்டினேன். பிறந்த பிறகு எழுதினால் கர்த்தர் என்ன கோபித்துக்கொள்ளவா போகிறார்?

செவ்வாய்க்கிழமை பெண் பிறந்தது. புதன்கிழமை நான் வேலை பார்த்த காட்கோபர் பட்டறைக்கு மட்டம் போட்டுவிட்டு, விட்ட இடத்தில் ‘பெண்’ என்று நிரப்பி, சீட்டைக் கோயிலைக் கவனிக்கும் உபதேசியாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அப்போதே அறிவிப்பு நோட்டில் எழுதிக்கொண்டார். அவளைத் திட்டிய நான்தான் ஒரு வாரம் பொறுக்க மாட்டாமல் ஓடினேன்.

வெள்ளிக்கிழமை காலையில் குழந்தை பால் குடிக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், டாக்ஸியில், என் மடியிலேயே போய்விட்டது. சாயங்காலம் அடக்கம் பண்ணினோம். எனக்கு அழுகை வரவில்லை. எது செய்தாலும் வேறு யாரோ செய்கிற மாதிரி இருந்தது. வந்தவர்கள் ஆளாளுக்கு, பிள்ளைகளைப் பறிகொடுத்தும் கர்த்தரைத் துதித்த யோபுவை இழுத்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, அதுவும் கொஞ்ச நேரம்தான். அவள் சுவரைப் பார்த்துப் படுத்தவள் ஒருவரிடமும் பேசவில்லை. வந்தவர்கள் ஜெபம் பண்ணியபோதும் கண்ணை மூடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு அக்காவை அவளுக்குத் துணை வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போனேன். ஏன் போனேன் என்று கேட்டால் தெரியாது. சட்டையை மாட்டினேன், நடந்தேன். சீட்டு ஞாபகமே இல்லை. எங்கள் உபதேசியார் அன்று அம்பர்நாத்தில் ஆராதனை நடத்தப் போயிருந்தார். அங்கிருந்து வந்த ஒருவர் நோட்டைப் பார்த்து வரிசையாக வாசித்தார். எங்கள் வீடு வந்தது. சுகப்பிரசவம், கர்த்தர் தந்த பெண் குழந்தை. நோட்டில் அதை அடிக்க எங்கள் உபதேசியாருக்கும் தோன்றவில்லை. வந்தவருக்கோ, பாவம், எதுவும் தெரியாது.

ஒருவரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. முன்வரிசையில் யாரோ வாயைப் பொத்திக்கொண்டார்கள். நான் எழுந்து நின்றேன். விசுவாசம் என்றெல்லாம் ஒன்றுமில்லை. வாசித்தால் எழுந்து பழகிய கால், எழுந்துவிட்டது. அப்புறம் உட்கார்ந்தேன்.

திரும்பி வரும்போதுதான் பயம் பிடித்தது. இதைக் கேட்டால் அவள் இனி கோயில் வாசலையே மிதிக்க மாட்டாள். கர்த்தரை விடுவது இருக்கட்டும், சீட்டைக் கொண்டுபோய்க் கொடுத்த என்னை என்ன செய்வாள்? மறைக்கவும் வழியில்லை. பொழுது சாய்வதற்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும்.

அக்கா அடுப்பைப் பார்க்கப் போனதும் அவளே திரும்பிப் படுத்தாள். இரண்டு நாளில் முதல் பேச்சு அது.

“நம்ம சீட்ட வாசிச்சாவளா?”

அவள் மறக்கவே இல்லை. வாசித்தார்கள் என்றேன்.

“எந்திரிச்சியளா?”

“எந்திரிச்சேன்.”

அவள் மூச்சு விட்டது கேட்டது. திட்டப் போகிறாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

“ஞானஸ்நானம் கொடுக்கல. பேரும் வைக்கல. கோயில்ல அவளப் பத்தி வாசிச்சது இது ஒண்ணுதான். அதுக்கும் ஆள் எந்திரிக்கலன்னா, பொறந்தவளே இல்லன்னுல்லா ஆயிரும்.” என் முகத்தைப் பார்த்து, “ஸ்தோத்திரம் சொன்னாவளா?” என்றாள்.

“யாரும் சொல்லல.”

“நீங்க?”

“நானும் சொல்லல.”

கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். பால் கட்டி ரவிக்கை நனைந்திருந்தது. மூணு நாள் இருந்தாளே, அதற்குச் சொல்லுங்கள் என்றாள். முதலில் அவள் சொன்னாள். பிறகு நான் சொன்னேன்.