பாஸ்போர்ட் போட்டோ வைத்த ராஜா

கொட்டாம்பட்டி நார் மில்லின் கேட்டைத் தாண்டி நாலுவழிச் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு பை. ஃபோனில் பதினெட்டு சதவீதம் சார்ஜ். "எங்கடா?" என்று மேஸ்திரி கேட்டார். "போறேண்ணே" என்றேன். அவருக்கு அது போதும்.

தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும் — நான் ஒரு வேலையில் நாலு மாதம் நின்றால் அதிசயம். வழக்கமாக அலுப்பில் கிளம்புவேன். இந்த முறை பயத்தில்.

இரண்டு உள்ளங்கையிலும் செம்புள்ளிகள். மில்லில் எல்லோரும் நார் தூசி அலர்ஜி என்றார்கள். தேங்காய் எண்ணெய் தடவச் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன். ஆனால் இரண்டு மாதம் முன்பு வேறோர் இடத்தில் ஒரு புண் வந்து, வலிக்காமல், தானாகவே ஆறியிருந்தது. எந்த இடம் என்று இங்கே எழுத முடியாது. நார் தூசி போக வழியில்லாத இடம்.

எனக்கு ஆண்களைத்தான் பிடிக்கும் என்று முன்பே இந்தப் பக்கத்தில் எழுதிவிட்டேன். அதனால் என் ஃபோனில் என்ன மாதிரி டேட்டிங் ஆப் இருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. அதில் யாருக்கும் முகம் கிடையாது. ஒருவருக்கு நெஞ்சு, ஒருவருக்கு பைக், ஒருவருக்கு வைகை அணை. நடுவில் ஒரே ஒருவர் மட்டும் நீலப் பின்னணியில், எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலையோடு, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ வைத்திருந்தார். பெயர் ராஜா. தூரம் நாற்பத்து நான்கு கிலோமீட்டர்.

மூன்று நாள் முன்பு அவரிடமிருந்து ஒரு மெசேஜ். "வணக்கம். தங்களின் பாலியல் நலன் குறித்த இலவசப் பரிசோதனைக்கு அணுகவும். விவரங்கள் ரகசியமாக வைக்கப்படும்."

போலீஸ்தான் என்று முடிவு கட்டினேன். வேறு யார் அந்த ஆப்பில் பாஸ்போர்ட் போட்டோ வைப்பார்கள்?

ஆனால் நெடுஞ்சாலையில் தனியாக நடப்பவனுக்கு யாரிடமாவது பேசினால் தேவலை. பதில் போட்டேன்.

"அண்ணே, நீங்க ஈபி ஆபீஸா?"

"இல்லைங்க. ஏன் கேட்கிறீர்கள்?"

"ஃபியூஸப் புடுங்க வாரேன்னு சொல்ற மாதிரியே இருக்கு."

கோபப்படவில்லை மனிதர். "தாங்கள் இதுவரை பரிசோதனை செய்துள்ளீர்களா?" என்று அடுத்ததைக் கேட்டார். ஒரு புளியமரத்தடியில் நின்று உள்ளங்கையைப் படம் எடுத்து அனுப்பினேன்.

"நார் தூசிங்கிறாக."

"அரிக்கிறதா?"

"இல்ல."

"இதற்கு முன் எங்காவது புண் வந்து ஆறியதா?"

எழுதினேன், அழித்தேன். மறுபடி எழுதினேன், அழித்தேன். கடைசியில் "ம்" என்று மட்டும் போட்டேன்.

பதில் வந்தது: "மாப்ள, கிளம்பி வா. சிம்மக்கல் ஸ்டாப்புல நிக்கிறேன். எம்புட்டு நேரமானாலும் நிக்கிறேன்."

'தாங்கள்' என்றவரை நம்பாத நான், 'மாப்ள' என்றவரை நம்பி பஸ் ஏறினேன். என்ன நியாயம் இது?

மேலூரில் தூரம் இருபத்தெட்டு என்று காட்டியது. மாட்டுத்தாவணியில் ஐந்து. அங்கே நாகர்கோவில் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. எத்தனை ஊரை இப்படிக் கழற்றிவிட்டிருக்கிறேன்... படியில் ஒரு கால் வைத்துவிட்டேன். ஃபோன் அதிர்ந்தது.

"எங்க மாப்ள நிக்கிற? ரொம்ப நேரமா அஞ்சுலயே இருக்கு."

நான் பார்க்கிற தூரத்தை அவரும் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது அதுவரை எனக்கு உறைக்கவில்லை. காலை எடுத்துவிட்டு டவுன் பஸ்ஸில் ஏறினேன்.

பழக்கடைகளுக்கு எதிரே, போட்டோவில் இருந்தபடியே நின்றார். அதே படிந்த தலை.

"போலீஸுன்னுதானே நினைச்ச?"

"ஆமாண்ணே."

"எல்லாரும் அப்படித்தான். எங்க தொண்டு நிறுவனத்துலருந்து பத்துப் பேருக்கு அனுப்புனா எட்டுப் பேரு பிளாக் பண்றான். மிச்ச ரெண்டு பேரு வையிறான்."

"நெஞ்சு போட்டோ வைக்க வேண்டியதுதானே?"

"எனக்கு நெஞ்சு எங்க இருக்கு? வா, நட."

அரசு ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். அரை மணி நேரம். அந்த அரை மணியில் ராஜா அண்ணன் வெள்ளரிப்பிஞ்சு வாங்கி வந்து, மிளகாய்ப்பொடி தூவி, என் கையில் திணித்துக்கொண்டே இருந்தார். எச்.ஐ.வி. இல்லை, மூன்று மாதம் கழித்து ஒருமுறை மறுபடி பார்க்க வேண்டும். ஆனால் சிபிலிஸ் இருந்தது.

"இன்னும் சில வருஷம் ஒளிச்சு வச்சிருந்தா கண்ணு, மூளைன்னு போயிருக்கலாம்" என்றார் டாக்டரம்மா. "இப்ப ஊசியோட போயிரும். கூட இருந்தவருக்கும் சொல்லிருங்க."

அவனுக்குச் சொன்னேன். முதலில் வைதான். பிறகு ஆஸ்பத்திரி அட்ரஸ் கேட்டான்.

நான் ஊரை மாற்றினால் பயமும் அந்த ஊரிலேயே நின்றுவிடும் என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன். அது எனக்கு முன்பே பஸ்ஸில் சீட் பிடித்து வைத்திருக்கிறது!

டீ குடிக்கும்போது ராஜா அண்ணன் கேட்டார்: "நம்மகிட்ட வேலைக்கு வாரியா மாப்ள? ஆப்புல பேசணும்."

"நான் எட்டாவதுதான்ணே."

"ரிப்போர்ட் எழுத நாங்க இருக்கோம். பேசத்தான் ஆளு இல்ல."

மறுநாள் காலை ஆனையூரில் இருக்கும் அவர்கள் ஆபீஸுக்குப் போனேன். ஆபீஸ் ஃபோனில் இருந்த 'தாங்கள்' மெசேஜை அழித்துவிட்டு, யாரோ ஒரு பைக் போட்டோக்காரனுக்கு என் முதல் மெசேஜை அனுப்பினேன்.

"சாப்ட்டியா மாப்ள?"

உடனே பதில் வந்தது. "நீங்க போலீஸா?"

"இல்ல மாப்ள. நேத்து ஊசி போட்டுக்கிட்ட ஆளு. இன்னும் நேரா உக்கார முடியல."