ஆறு மணிக் கைப்பிடி

சந்திரம்மாள் கிளம்பிப் போனது 2001 கார்த்திகை தீபத்தன்று. அவள் கணவர் இருசப்பன் அப்போது லாட்ஜின் பேட்டரி அறையில் இருந்தார். மலையுச்சியில் தீபம் ஏற்றுவதை அதே லாட்ஜின் மொட்டை மாடியில் தனியாக நின்று பார்த்தவள், இறங்கி வந்து கூட்டத்தோடு நடந்து, கீழ்பென்னாத்தூரில் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள்.

"சொல்லிட்டுக்கூட போவலீங்க" என்கிறார் இருசப்பன். சொல்வதென்றால் அவள் பேட்டரி அறைக்குள் வந்திருக்க வேண்டும். ஆசிட் வாடை அவளுக்கு ஆகாது.

பல ஊர்கள் சுற்றித் திரும்பிய நான் அந்த லாட்ஜில் மாத வாடகைக்கு அறை எடுத்தது 2008இல். கல்யாண மண்டபமும் சேர்ந்த பெரிய கட்டடம். இப்படிப்பட்ட பெரிய இணைப்புகளுக்கு மாலை ஆறிலிருந்து ஒன்பது வரை மின்கட்டணம் கூடுதல். முதலாளி பலராமன் அதற்கு முன்பே ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். இரவில் பேட்டரிகளுக்குச் சார்ஜ் ஏற்றிவைத்து, மாலையில் விளக்குகளையும் மின்விசிறிகளையும் இன்வெர்ட்டரில் ஓட்டுவது. கரண்ட் போனால் இன்வெர்ட்டர் தானாக வேலை செய்யும். இங்கே கரண்ட் இருக்கும்போதே மாற்ற வேண்டும். அதற்கு ஒரு கை வேண்டும். அந்தக் கை இருசப்பனுடையது.

மாடிப்படிக்குக் கீழே, ஜன்னல் இல்லாத அறை. ஆறு மணிக்கு அவர் மாற்று சுவிட்சின் கைப்பிடியை இறக்கும்போது லாட்ஜ் முழுக்க விளக்குகள் ஒரு கணம் அணைந்து எரியும். அதைப் பார்த்துக் கைக்கடிகாரத்தைத் திருத்திக்கொள்கிறவர்கள் உண்டு. இறக்கிவிட்டு அவர் வெளியே போகவும் முடியாது. பேட்டரி சோர்ந்தால் ஒவ்வொரு மாடியாக லைன் கரண்டுக்குத் திருப்பிவிட ஆள் இருக்க வேண்டும்.

அவர் சட்டைகள் எல்லாவற்றிலும் பொட்டுப் பொட்டாக ஓட்டைகள். புதுச்சட்டை போட்டாலும் அன்றைக்கே ஒரு சொட்டு ஆசிட் தெறித்துவிடும். குனிந்து பார்த்து, "இப்பதான் இது நம்ம சட்ட" என்பார்.

"இதுல நெஜமாவே மிச்சமாவுதா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஆவும். புது பேட்டரி வாங்கறப்ப அதுவும் போயிடும்."

ரிசப்ஷனில் இருக்கும் வல்லரசுக்கு அவரைச் சீண்டாமல் பொழுது போகாது. "ஊரே மேல பாத்து தீபம் ஏத்துது. நீ இன்னாண்ணா, கீழ குந்திகினு கைப்பிடிய எறக்கற?"

"நீ பேசுவடா. தீபத்தன்னிக்கு அத்தன ரூமும் ஒண்ணா இழுக்கும். பில்லு ஜாஸ்தியானா மொதலாளி உன்னயா கேப்பாரு?"

இந்த ஊரிலேயே பிறந்தவர், வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து தீபம் ஏற்றும் கணத்தைப் பார்த்ததில்லை. மலையிலும் அதே ஆறு மணிதான். "எரியறத பாத்திருக்கேன். அது பதினோரு நாளும் எரியுமே. ஏத்தறததான் பாக்கல."

கூடுதல் கட்டணம் வீடுகளுக்கும் உண்டு என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். அந்த மூன்று மணி நேரம் வீட்டிலும் லைட் போடக்கூடாது. சந்திரம்மாள் சிம்னி விளக்கில் சமைத்தாள். ஒன்பது அடித்ததும் வேலை முடிந்து வந்து, முதல் காரியமாக ஸ்டூலில் ஏறி பல்பைத் தொட்டுப் பார்ப்பார். சூடாக இருந்தால் அன்றிரவு பேச்சு இல்லை. கிளம்பிப் போன அந்தத் தீபத்தன்று அவள் கேட்டது ஒன்றுதான்: ஏற்றும்போது மாடியில் தன் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும். வருகிறேன் என்றார். வரவில்லை.

வீடுகளுக்கு அந்தக் கட்டணமே கிடையாது என்று மீட்டர் ரீடிங் எடுக்க வந்தவர், அவள் போன பிறகு ஒரு நாள் சொன்னார். "முன்னாடியே கேட்டிருக்கலாம்" என்றார் இருசப்பன், தன் விரல் நுனிகளைப் பார்த்தபடி.

நான் அறை எடுத்த வருஷத் தீபத்தன்று, பொழுது சாயும் நேரம். மாடிக்கு ஏறப் போன என்னை அவர் நிறுத்தினார். கையில் செல்போன். "இத படிங்கம்மா. இங்கிலீஷ் எழுத்துல வந்திருக்குது."

மைத்துனர் மகன் அனுப்பியது. உரக்கப் படித்தேன்: "மாமா, அத்தை எங்க மாடியில நிக்கறாங்க. மலை நல்லா தெரியுது. இந்த வருஷமாவது ஏத்தறப்ப பாப்பீங்களானு கேக்க சொன்னாங்க. பாக்கறதா இருந்தா நாளைக்கு அங்க வராங்களாம்."

மறுபடி படிக்கச் சொன்னார். படித்தேன்.

"பாக்கறேன்னு போடுங்க."

போட்டேன். அவர் குழாயடியில் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினார். ஓட்டை இல்லாத ஒரு சட்டையை எங்கிருந்தோ எடுத்து மாட்டிக்கொண்டு தலை சீவினார். "நீங்க போங்கம்மா, தோ வரேன்."

மொட்டை மாடியில் விளக்குகளை அணைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். கைப்பிடிச் சுவரோரம் அவருக்கு இடம் விட்டு நின்றேன். கோயில் பக்கமிருந்து அரோகரா சத்தம் எழுந்தது. உச்சியில் சுடர் தெரிந்தது. பக்கத்திலிருந்த எல்லாரும் கைகூப்பினார்கள்.

எனக்குப் பின்னால் படிக்கட்டு விளக்கு ஒரு கணம் அணைந்து எரிந்தது.