தலைவர் அவர்களே

நேற்று வெள்ளவத்தையில் ஒரு கல்யாண வரவேற்பு. வாழ்த்துச் சொல்ல எழுந்த பிள்ளை மைக்கைத் தட்டியதும் அது கீச்சிட்டது. மண்டபமே காதைப் பொத்திக்கொண்டது. எங்களுக்கு ஏது மைக்? வெள்ளைக்காரன் காலத்தில் தொண்டைதான் எல்லாம்.

அந்தத் தொண்டையைப் பழக்க இதே வெள்ளவத்தைக் கடற்கரையில் நின்று அலைகளைப் பார்த்துக் கத்தியிருக்கிறேன். "மாத்தயாட்ட பிஸ்ஸுத?" என்று ஒரு மீன்காரன் கேட்டான். எனக்குப் பைத்தியமா என்ற அவன் சந்தேகம் நியாயமானதுதான். புறக்கோட்டைத் துணிக்கடைக் கிளாக்கருக்கு மேடைப் பேச்சு எதற்கு? ஆனாலும் ஆசை யாரை விட்டது!

கொட்டாஞ்சேனையில் ஒரு தையற்கடை மாடியில் எங்கள் பேச்சுக் கழகம் ஞாயிறுதோறும் கூடும். கீழேயிருந்து இஸ்திரிப் பெட்டியின் கரிவாசனை ஏறிவரும். என்னோடு ஒரே அறையில் இருந்த குணம்தான் தலைவர். அவனுக்குத் திக்குவாய், நாலு பேர் முன்னால் பேசவே மாட்டான். அதனால்தான் தலைவராக்கினோம். பேசுகிறவன் எழுந்து, "தலைவர் அவர்களே" என்று அவன் பக்கம் திரும்பி வணங்க வேண்டும். அவன் "பேசலாம்" என்பான். அந்த ஒரு சொல் மட்டும் அவனுக்குத் திக்காது. அதற்குப் பிறகுதான் பேச்சு. அது எங்கள் சட்டம்.

நெருப்புக் காய்ச்சல் வந்து குணம் போய்விட்டான். யாழ்ப்பாணத்திலிருந்து தகப்பனார் ரயிலில் வந்து சேர்ந்தார். பொரளை மயானத்தில் என் கையைப் பிடித்தார்.

"தம்பி, இஞ்சை இவன் என்ன மாதிரி இருந்தவன் எண்டு எனக்குத் தெரியாது. ரெண்டு வார்த்தை சொல்லும்."

எனக்கு அழுகை வரவில்லை. ஒன்றுமே வரவில்லை, உள்ளுக்குள் எல்லாம் மரத்துப்போயிருந்தது. இந்த மனிதர் ஊருக்குக் கொண்டுபோக ஒரு நல்ல சொல் வேண்டுமே என்பது மட்டும் தெரிந்தது. பழக்கதோஷம், சவப்பெட்டியின் பக்கம் திரும்பி வணங்கி, "தலைவர் அவர்களே" என்றேன். பிறகு வழக்கம்போலக் காத்து நின்றேன். "பேசலாம்" வரவில்லை. எனக்கு மேலே ஒரு சொல்லும் ஓடவில்லை.

தகப்பனார் என்னையே பார்த்தார். "என்ரை மகனோ தலைவர்? வாயே திறக்கமாட்டானே!"

"ஓம் ஐயா. குணம் சொன்னாத்தான் நாங்கள் வாய்திறப்பம்."

"அப்பிடியோ..." என்று அவர் பெட்டியைத் தடவினார்.

அந்த மாடிவீடு இப்போது இல்லை. கழகம் அதற்கு வெகு முன்பே போய்விட்டது. குணம் போன அடுத்த ஞாயிறும் கூடினோம். ஒருவன் எழுந்தான், தலைவர் உட்காரும் கதிரை வெறுமையாய்க் கிடந்ததைப் பார்த்தான், உட்கார்ந்துவிட்டான். நானும் எழுந்து பார்த்தேன். வேறு விதமாகப் பேச்சைத் தொடங்க எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.