கியரில் நின்ற கார்

சாவியைத் திருப்பினால் ஒரு சத்தமும் இல்லை. ஹெட்லைட் மட்டும் பளிச்சென்று எரிந்தது. அப்படியென்றால் பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது, இன்ஜினைச் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டாருக்குத்தான் மின்சாரம் போகவில்லை என்று அந்த நொடியே எனக்குத் தோன்றியது.

பாப்பிரெட்டிப்பட்டியில் எங்கள் வீட்டுக் கார் என்னைவிட வயதில் மூத்தது. சில நாள் கிளம்பும், சில நாள் கிளம்பாது. ஸ்டார்ட்டரின் முனைகளை ஸ்க்ரூடிரைவரால் இணைத்தால் நேரடியாகச் சுற்றும் என்று வீடியோவில் பார்த்திருந்தேன்.

"வாணாம் பாப்பா, மெக்கானிக் வரட்டும்," என்றார் அப்பா.

"அவரு வர்றதுக்குள்ள ஓட்டியே காட்டுறேன். லைட்ட மட்டும் புடிங்கப்பா."

காரின் முன்பக்கத்துக்கும் சுவருக்கும் நடுவில் நின்று அவர் செல்போன் வெளிச்சத்தைக் காட்டினார். சாவி ஆனில் இருந்தது. நான் பக்கவாட்டிலிருந்து குனிந்து முனைகளை இணைத்தேன்.

பொறி பறந்தது. கார் குலுங்கி முன்னால் நகர்ந்தது. பயத்தில் ஸ்க்ரூடிரைவர் கைநழுவியதால்தான் நின்றது. பம்பர் அப்பாவின் முழங்காலைத் தொட்டுக்கொண்டிருந்தது, அவர் முதுகு சுவரில் ஒட்டியிருந்தது. இன்ஜின் மட்டும் பிடித்திருந்தால்?

"ஹேண்ட்பிரேக் புடிக்காதுன்னு கியர்லதான நிறுத்துவேன், உனக்குத் தெரியாதா?" என்றார் அப்பா.

தெரியும். தினமும் பார்ப்பதுதான். கியரில் நிற்கும் காரை ஸ்டார்ட்டரே நகர்த்திவிடும் என்பதைத்தான் யோசிக்கவில்லை.

இப்போதெல்லாம் பானெட்டைத் திறக்கும் முன்பே சாவியை உருவிவிட்டு, கியரை நியூட்ரலில் போட்டு, சக்கரங்களுக்கு இருபுறமும் கல் வைக்கிறேன். ஸ்க்ரூடிரைவர் வித்தையை விட்டுவிட்டேன்.

கோளாறு அப்படியேதான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அம்மா சாவியைத் திருப்ப, ஸ்டார்ட்டர் ஒயரில் மின்சாரம் வருகிறதா என்று மீட்டர் வைத்துப் பார்க்கப் போகிறேன். அதற்குமுன் காரைத் தெருவுக்குத் தள்ள வேண்டும். அப்பா இன்னும் அந்தச் சுவர்ப் பக்கம் போவதில்லை.