கொம்பு இருக்கிறதா என்று பார்த்தான்

அந்த வண்டியில் கக்கூஸ் நடுவில் இருந்தது. ஒரு பக்கம் அடுப்பு. இன்னொரு பக்கம் மகனும் மருமகளும் படுக்கிற கட்டில். இடையில் ஒரு பிளாஸ்டிக் கதவு. உள்ளே ஒருவர் தொண்டையைச் செருமினால் வண்டி முழுக்கக் கேட்கும். ஆர்வி என்று பெயர். வாடகைக்கு எடுத்திருந்தார்கள். வீட்டோடு மலைக்குப் போகலாம் என்று மகன் சொன்னான். மகன் வீடு இருக்கிற சான் ரமோனில் காலையில் கிளம்பினோம். சியரா மலை ஏறும்போது பொழுது சாய்ந்துவிட்டது.

நான் அரிசி மண்டியில் மூட்டை தூக்கினவன். படிப்பு எட்டாவதோடு முடிந்தது. மகன் படித்தான், அமெரிக்காவுக்கு வந்தான். மகள் பிரசவத்துக்காக மனைவி ஊரில் தங்கிவிட்டாள். அவனைப் பார்க்க நான் மட்டும் வந்திருந்தேன்.

மான் வேட்டை மகனுக்குப் புதுசு. கூட வேலை பார்க்கிற மதுரைப் பையன் ஒருவன் பழக்கிவிட்டான். இந்தத் தடவை அவனும் எங்களோடு வந்திருந்தான். வகுப்புக்குப் போய், பரீட்சை எழுதி, லைசென்ஸ் எடுத்து, துப்பாக்கியும் வாங்கினான். வீட்டில் அது இரும்பு அலமாரியில் இருந்தது. நான் அந்த அறைப் பக்கம் போவதில்லை.

“என்னப்பா பயம்? குண்டு தனியா, கன் தனியா பூட்டி வெச்சிருக்கேன்” என்றான்.

பயமில்லை என்றேன். இருந்தது.

மலையில் இருட்டு சீக்கிரம் வந்தது. மரங்கள் எல்லாம் ஒரே உயரம், ஒரே மாதிரி. எந்தப் பக்கம் பார்த்தாலும் வந்த பக்கம் போலவே இருந்தது. கரடி வரும் என்று சாப்பாட்டை எல்லாம் உள்ளே எடுத்து வைத்துவிட்டார்கள். எனக்குக் கரடியைவிடப் பெரிய கஷ்டம் அந்தப் பிளாஸ்டிக் கதவு. மருமகள் அந்தப் பக்கம் காய் நறுக்கிக்கொண்டிருக்கிறாள், நான் இந்தப் பக்கம் உட்காருவதா?

அவளுக்குப் புரிந்துவிட்டது. “மாமா, வெக்கப்படாம யூஸ் பண்ணுங்க. நாங்க வேணா வெளிய நிக்கறோம்.”

அது இன்னும் மோசம். எல்லாரும் வெளியே நின்று காத்திருப்பார்கள்.

“தாத்தா, இட்ஸ் ஜஸ்ட் எ பாத்ரூம்!” என்றாள் பேத்தி.

மதுரைப் பையன் சிரித்தான். “விடு மச்சி, அங்கிளுக்கு ஓப்பன் ஏர்தான் செட் ஆகும்.”

நானும் சிரித்து வைத்தேன். அன்றைக்கு அடக்கிக்கொண்டேன்.

மறுநாள் வெளுக்கும்போது இருவரும் துப்பாக்கியோடு கிளம்பினார்கள். தலையில் ஆரஞ்சுத் தொப்பி, மேலே ஆரஞ்சுச் சட்டை. கையில்லாத சட்டை, கண்ணைப் பறிக்கிற நிறம். மதுரைப் பையன் தன்னிடம் இருந்த இன்னொன்றை என்னிடம் கொடுத்தான்.

“அங்கிள், இது இல்லாம வண்டிய விட்டு எறங்கக் கூடாது. காட்டுல நாம மட்டும் இல்ல. எவன் எங்க துப்பாக்கியோட நிக்கறான்னு தெரியாது.”

“சரிப்பா.”

“மேல ரிட்ஜுக்குப் போறோம்பா. மத்தியானம்தான் வருவோம்” என்றான் மகன். மலை முகட்டைக் கையால் காட்டினான்.

அவர்கள் மேலே போனால் நான் கீழே போகலாம். அப்படித்தான் நினைத்தேன். மருமகளும் பேத்தியும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் பாட்டிலை எடுத்தேன். அந்த ஆரஞ்சுச் சட்டையைப் போட்டேன். பிறகு கழற்றி ஆணியில் மாட்டினேன். அடுத்தவன் சட்டை. அதைப் போட்டுக்கொண்டுதான் திரும்ப வந்து சாப்பிட உட்காரவேண்டும். வெளிக்குப் போகிற துணி வேறே, வீட்டில் புழங்குகிற துணி வேறே. எங்கள் வீட்டில் அப்படித்தான். அதனால் பழைய காபிக் கலர் ஸ்வெட்டரைப் போட்டேன். குளிருக்குத் தலையில் ஒரு பழுப்புத் துண்டைச் சுற்றிக்கொண்டேன். வந்ததும் இரண்டையும் நனைத்துப் போடலாம்.

கீழே ஒரு ஓடை இருந்தது. அதற்குப் போகும் வழியெல்லாம் காய்ந்த ஊசி இலை. காலடிச் சத்தமே கேட்கவில்லை. ஊரில் காடு என்றால் ஏதாவது கத்திக்கொண்டிருக்கும். இங்கே ஒன்றுமில்லை. என் மூச்சுதான் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். வண்டி தெரியவில்லை.

அப்போது ஒரு வெடிச் சத்தம். தூரத்தில். மலை அதை வாங்கி இன்னொரு மலைக்குக் கொடுத்தது. எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. நின்றுவிட்டேன். திரும்பிப் போய்விடலாம் என்று இருந்தது. வயிறு விடவில்லை.

ஓடைக்குப் பக்கத்தில் விழுந்து கிடந்த மரம் ஒன்று. அதன் மறைவில் உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் எதிர்ச் சரிவில் கல் உருண்டது. தலையைத் தூக்கினேன். ஆரஞ்சு நிறம் தெரிந்தது. ஒரு ஆள். கூப்பிடு தூரம்தான். துப்பாக்கியைத் தோளில் வைத்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

என் பக்கம் பார்க்கிறான் என்று முதலில் நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, என்னைத்தான் பார்க்கிறான். துப்பாக்கியின் நுனி சின்னக் கறுப்புப் புள்ளியாகத் தெரிந்தது. பக்கவாட்டில் குழல் தெரியவே இல்லை. புள்ளி மட்டும்தான்.

அவன் இடது தோளைச் சாய்த்து நின்றிருந்தான். பள்ளிக்கூடப் பை தூக்கின காலத்தில் இருந்து அவன் அப்படித்தான் நிற்பான்.

என் மகன்.

வேறு யாராவது என்றால் நான் சாவேன், அவ்வளவுதான். வயசாகிவிட்டது. இவன் என்றால் அப்படி இல்லை. நான் போய்விடுவேன், இவன் இருப்பான். போலீஸ், கேஸ் எல்லாம் அப்புறம். ஒவ்வொரு நாளும் சோற்றில் கை வைக்கும்போது இவனுக்கு இது ஞாபகம் வரும். மருமகள் இவன் முகத்தைப் பார்ப்பாள். ஊரில் அவன் அம்மாவுக்கு யார் போன் பண்ணிச் சொல்வார்கள்? இவன்தான் சொல்லவேண்டும்.

கூப்பிடவேண்டும். கூப்பிடவில்லை. அரை நிர்வாணமாக உட்கார்ந்திருக்கிறேன், பெற்ற பிள்ளை முன்னால். முதலில் துணியைத் தூக்கிக் கட்டிவிடலாம், பிறகு கூப்பிடலாம் என்று நினைத்தேன். உயிர் போகிற நேரத்தில் மனசு அப்படித்தான் ஓடியது.

லேசாக எழுந்தேன். புள்ளியும் லேசாக மேலே வந்தது.

அசையாமல் நின்றேன். பாதி எழுந்தபடி. அவன் பெயரைக் கூப்பிட வாயைத் திறந்தேன். காற்று மட்டும் வந்தது. இன்னொரு தரம் முயன்றேன்.

மண்டியில் அடுக்கின மூட்டை நழுவினால், கீழே நிற்கிறவனுக்கு ஒரு சத்தம் கொடுப்போம். அது வார்த்தை இல்லை. அடிவயிற்றில் இருந்து வரும். அதுதான் வந்தது. மலை அதையும் திருப்பிக் கொடுத்தது.

புள்ளி விலகியது. குழல் முழுசாகத் தெரிந்தது. அவன் துப்பாக்கியைக் கீழே வைத்தான். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. பிறகு துப்பாக்கியை எடுத்துக்கொண்டு ஓடையில் காலை வைத்து வந்தான். ஷூவெல்லாம் தண்ணீர். முகத்தில் ரத்தமே இல்லை.

“அந்தப் பக்கம் திரும்பி நில்லு. கழுவிட்டு வர்றேன்” என்றேன்.

திரும்பி நின்றான். முதுகு குலுங்கியது. சிரிக்கிறானா, அழுகிறானா என்று தெரியவில்லை.

“மேல போறேன்னு சொன்னியே.”

“ஒரு மான் தடம் பாத்தேன்பா. அவன மேல விட்டுட்டு நான் மட்டும் எறங்கி வந்தேன்.” மூச்சு வாங்கினான். “கொம்பு இல்லாத மானைச் சுடக் கூடாது. கொம்பு இருக்கான்னு துப்பாக்கி ஸ்கோப்ல பாத்தேன்.”

“இருந்துச்சா?”

என் தலைக்குப் பின்னால் பார்த்தான். நானும் திரும்பினேன். விழுந்த மரத்தின் காய்ந்த கிளை ஒன்று கவைகவையாக மேலே நீட்டிக்கொண்டிருந்தது. அதன் முன்னால்தான் நான் உட்கார்ந்திருந்தேன்.

“வெஸ்ட் எங்கப்பா?”

“வண்டில மாட்டியிருக்கு.”

“ஏன்?”

“அதைப் போட்டுட்டா வெளிக்குப் போவாங்க?”

திட்டப் போகிறான் என்று பார்த்தேன். துப்பாக்கியின் பக்கத்தில் ஒரு கம்பியைப் பின்னால் இழுத்தான். உள்ளே இருந்து ஒரு குண்டு துள்ளி இலையில் விழுந்தது. என் விரல் நீளம் இருந்தது. இருவரும் அதைப் பார்த்தோம். அவன் குனிந்து எடுக்க முயன்றான். இரண்டு தரம் நழுவியது. நான் எடுத்துக் கொடுத்தேன். சூடாக இருக்கும் என்று நினைத்தேன். ஜில்லென்று இருந்தது.

மிச்சக் குண்டுகளையும் எடுத்துப் பையில் போட்டான். தன் ஆரஞ்சுச் சட்டையைக் கழற்றி எனக்கு மாட்டிவிட்டான். தொப்பியை அவன் வைத்துக்கொண்டான்.

“நீங்க முன்னாடி போங்கப்பா. நான் பின்னாடி வர்றேன்.”

இரண்டு அடி வைத்தேன். முதுகில் ஒரு இடம் குறுகுறுத்தது. கை எட்டாத இடம். குண்டு இல்லை என்று கண்ணால் பார்த்தவன் நான். இருந்தும் அடுத்த அடி வைக்க முடியவில்லை. நின்றுவிட்டேன்.

“நீ முன்னாடி போ” என்றேன்.

என்னைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. புரியாமல் இருந்திருக்கலாம். சின்ன வயதில் நான் அடித்தால்கூட அவன் முகம் அப்படி ஆனதில்லை.

துப்பாக்கியை என்னிடம் நீட்டினான். அந்தக் கம்பியை இழுத்துத் திறந்து, உள்ளே காலியாக இருப்பதைக் காட்டினான். “பாருங்க. ஒண்ணும் இல்ல. நீங்களே கொண்டு வாங்க.”

வேண்டாம் என்று சொல்லத் தோன்றியது. சொன்னால் அவன் என்ன நினைப்பான்? வாங்கிக்கொண்டேன். நினைத்ததைவிடக் கனம்.

அவன் முன்னால் நடந்தான். இடது தோள் சாய்ந்திருந்தது. மேடு. கால் வழுக்குகிற இலை. நான் ஒரு தரம் தடுக்கினேன். விழவில்லை. அவனுக்குக் கேட்டிருக்கும். திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு அடியையும் பார்த்துத்தான் வைத்தேன். அவன் முதுகுப் பக்கம் போகாமல் குழலை வானத்தைப் பார்க்கப் பிடித்துக்கொண்டேன், வண்டி தெரிகிறவரைக்கும்.