இடது கையால் எழுதிய ஓட்டு

டைம்கீப்பருக்கு ஒரு பழக்கம். வருகைப் பதிவேட்டில் நாங்கள் கையெழுத்துப் போடும்போது முகத்தைப் பார்க்க மாட்டார். பேனா போகிற போக்கையே பார்ப்பார். பதினொரு வருஷமாகக் கவனித்திருக்கிறேன். ஒருத்திக்காக இன்னொருத்தி போட்டால் மதியத்துக்குள் பிடித்துவிடுவார். லீவு லெட்டரும் அவரிடம்தான் போகும். எங்கள் தையல் ஆலையில் நூற்றுப்பத்துப் பெண்கள். நூற்றுப்பத்து எழுத்தும் அவருக்கு மனப்பாடம். அதில் ஒரு பெருமை வேறு.

தொழிலாளர் குழுத் தேர்தலை நடத்துகிறவரும் அவர்தான். எங்களுக்கு ஒரே இடம். அதில் எப்போதும் மேனேஜரின் மச்சான், துணி வெட்டுகிறவர், உட்கார்ந்திருப்பார். கழிப்பறைக்கு நாளுக்கு இரண்டே டோக்கன் என்று எங்களைக் கட்டிப்போட்டது அந்தக் குழு. அதை மாற்றத்தான் பட்டன் அக்கா நிற்கப் போனாள். பட்டன் தைக்கிற மிஷினில் இருப்பவள்; பெயரும் அப்படியே ஒட்டிக்கொண்டது.

டைம்கீப்பர் அவள் மனுவை ஜன்னல் வழியே திருப்பி நீட்டினார். "முன்மொழிஞ்சவளும் உன் செக்‌ஷன், வழிமொழிஞ்சவளும் உன் செக்‌ஷன். ஒருத்தி வேற செக்‌ஷனா இருக்கணும்."

"நேத்து ஃபாரம் குடுத்தப்ப சொல்லலையே சார்?"

"நீ கேக்கலையேம்மா. இப்ப டைம் முடிஞ்சுபோச்சு."

என் படிப்பு எட்டாவதோடு நின்றது. கூட்டத்தில் வாய் திறக்க மாட்டேன், ஆனால் சுவரில் ஒட்டியதை எல்லாம் படித்துவிடுவேன். வாக்குச்சீட்டின் அடியில் ஒரு காலிக் கோடு இருக்கும், பட்டியலில் இல்லாத தொழிலாளியின் பெயரை அதில் எழுதி ஓட்டுப் போடலாம் என்று நோட்டீஸில் இருந்தது. அக்காவின் காதில் சொன்னேன். சாப்பாட்டு நேரத்துக்குள் ஆலை முழுக்கப் பரவி, டைம்கீப்பர் வரை போய்விட்டது.

"தாராளமா எழுதுங்க," என்று சிரித்தார். "யார் யார் எழுதினீங்கன்னு எனக்குத் தெரியாமயா போகும்?"

பாதிப் பேர் முகம் செத்துப்போயிற்று. சட்டை மடிக்கிறவள்தான் முணுமுணுத்தாள்: "ஏண்டி, நமக்கு ரெண்டு கை இருக்குல்ல?"

மறுநாள் அக்காவின் முழுப் பெயரை இடது கையால் எழுதினோம். கோழி கிளறினாற்போல இருந்தது.

எண்ணும்போது டைம்கீப்பர் சீட்டுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி மாட்டினார். அறுபத்துமூன்று சீட்டில் அக்கா பெயர். அவர் காது சிவந்துபோனது.

"இதெல்லாம் செல்லாது. யார் எழுத்துன்னே தெரியலை."

"பேரு படிக்க முடியுதா?" என்றாள் அக்கா.

"முடியுது."

"அப்புறம் யார் எழுதினான்னு உங்களுக்கு எதுக்கு சார்?"

ஒருத்தியும் மிஷினுக்குத் திரும்பவில்லை. மிஷின் நின்றால் மேனேஜருக்கு வயிறு எரியும். கால் மணி நேரம் பொறுத்தவர், "செல்லும்னு எழுதித் தொலைங்க!" என்று டைம்கீப்பர் மேல் எரிந்து விழுந்தார். நியாயத்துக்காகச் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை.

இன்று பட்டன் அக்கா குழுவில் இருக்கிறாள். டோக்கன் மூன்றாகியிருக்கிறது. அடுத்த தேர்தலுக்கான நோட்டீஸைப் போன வாரம் டைம்கீப்பர் ஒட்டினார். காலிக் கோட்டைப் பற்றிய விதி அதில் இல்லை. மனுவில் சூப்பர்வைசர் கையெழுத்தும் வேண்டுமாம்.