சாந்தாமணி டிக்கெட் கொடுத்த படம்

தேயிலை விலை தரைதட்டிப் போன வருஷங்களில், மாசம் பிறந்தால் சம்பளம் என்று ஒன்றைக் கையில் வாங்கிய கொஞ்சம் பேர் குன்னூரில் இருந்தார்கள். மலையரசி தியேட்டர் சாந்தாமணி அவர்களில் ஒருத்தி. ஊரில் பாதிப் பேர் அதற்காக அவளைப் பார்த்துப் பொறாமைப்பட்டார்கள். மீதிப் பாதி அவள் உட்கார்ந்திருந்த இடத்தைச் சொல்லி மூக்கைச் சுளித்தது. இரண்டு பாதியும் அவளிடம்தான் டிக்கெட் வாங்கின.

அன்னூரிலிருந்து கல்யாணமாகி மலையேறி வந்தவள். புருஷன் நாச்சிமுத்து ஒரு தேயிலை ஃபேக்டரியில் சூப்பர்வைசர். பச்சை இலைக்கு விலை இல்லை, தூளை ஏலத்தில் கேட்க ஆள் இல்லை என்று ஆனபோது, முதலாளி ஒரு நாள் கேட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கோயம்புத்தூர் போய்விட்டார். நாச்சிமுத்து வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தான், உட்கார்ந்தவன் உட்கார்ந்தவன்தான். சூப்பர்வைசராக இருந்தவன் போய் மூட்டை தூக்குவதா என்பது அவன் கட்சி. வேறு மேற்பார்வை கிடைக்காததால் வீட்டை மேற்பார்வை பார்க்க ஆரம்பித்தான். சாம்பாரில் உப்பு, குக்கரில் விசில், அவள் பக்கத்து வீட்டுக்காரியோடு பேசுகிற பேச்சு, எதுவும் அவன் பார்வைக்குத் தப்பவில்லை. அதற்குப் பயந்துதான் அவள் தியேட்டர் வேலைக்கு ஓடினாள் என்று யாராவது சொல்லியிருந்தால் சாந்தாமணி மறுத்திருக்க மாட்டாள். ஊரார் வயிற்றுப்பாடு என்றார்கள். அவளும் தலையாட்டி வைத்தாள்.

தியேட்டர் மட்டும் வாழ்ந்ததா என்றால் அதுவும் இல்லை. எஸ்டேட்டில் வாரத்துக்குப் பாதி நாள்கூட வேலை இல்லாதவர்கள் எதை வைத்துப் படம் பார்ப்பார்கள்? குடும்பப் படம் போட்டால் காலி நாற்காலிகள்தான் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தன. மேனேஜர் சில்வஸ்டர் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். அவரே ஒரு வியாழக்கிழமை கோயம்புத்தூரிலிருந்து படப்பெட்டியோடு வந்து, அவள் முகத்தைப் பார்க்காமல் போஸ்டரைச் சுருள் பிரித்தார். ‘இன்னொரு நிர்மலா.’ டப்பிங் படம். ஈரப் புடவையில் ஒருத்தி, அவள் தோளுக்குப் பின்னால் ஒரு கத்தி, கத்திக்குப் பின்னால் ஒரு மீசை. அடியில், ‘ஒரு மனைவியின் மறைத்து வைத்த ஆசைகள்.’

“கர்த்தர் மன்னிப்பாரும்மா. கரண்ட் பில்லு கட்டணும்ல,” என்றார் சில்வஸ்டர்.

மறுநாளே கூட்டம் வந்தது. நீலகிரிக் குளிர் இந்த மாதிரிப் படத்துக்கென்றே உண்டானது. வெயில் அடிக்கிற ஊரில் முகத்தை மூடிக்கொண்டு போனால் திருடன் என்பார்கள். இங்கே குரங்குக் குல்லாயை இழுத்துவிட்டு மஃப்ளரைச் சுற்றிக்கொண்டால் ஜலதோஷம் என்பார்கள். அன்றைக்குக் குன்னூரில் கௌரவமான ஆண்களில் பாதிப் பேருக்கு ஜலதோஷம். ஆனால் கவுண்டரில் உட்கார்ந்திருந்தவளுக்கு முகம் எதற்கு? சுவரில் ஒரு கை நுழைகிற ஓட்டை. வருஷக்கணக்காக அவள் பார்த்ததெல்லாம் கைகளைத்தான். பெயிண்ட் ஒட்டிய நகம் ஹார்டுவேர் கடைக்காரர். சாக்பீஸ் தூளில் வெடித்த விரல் டியூஷன் வாத்தியார். பவள மோதிரமும் கட்டைவிரலில் ரப்பர் ஸ்டாம்ப் மையும் இருந்தால் தேயிலை புரோக்கர் ஆபீஸ் ஹெட்கிளார்க் லிங்கசாமி. பண்பாட்டுக் காவல் மன்றம் என்று ஒன்றுக்குச் செயலாளரும் அவர்தான். அந்தக் கை முதல் வாரத்திலேயே இரண்டு தடவை உள்ளே வந்தது.

படம் முடிந்து வெளியே வருகிற வழியும் அவள் கவுண்டரை ஒட்டித்தான். அதனால் படத்தைப் பார்க்காமலே அவளுக்கு விமர்சனம் எல்லாம் வந்து சேர்ந்தது. பார்த்தவன் ஒவ்வொருவனுக்கும் தான் ஏன் பார்த்தான் என்று யாரிடமாவது சொல்லியாக வேண்டியிருந்தது. “கேமரா நல்லாப் பண்ணியிருக்கானுங்க,” என்றார் ஹார்டுவேர்காரர். “இங்கிலீஷ் படத்தோட காப்பி. எப்படிக் காப்பியடிச்சிருக்கான்னு பார்க்கத்தான் வந்தேன்,” என்றார் வாத்தியார். எஸ்டேட் டிரைவர்கள் வேஷம் போடவில்லை. “போஸ்டர்ல இருந்தது படத்துல இல்லை. இது மோசடிங்க. காசைத் திருப்பிக் கொடுங்க,” என்று நியாயம் கேட்டார்கள். ஒரு விஷயத்தில் மட்டும் எல்லாருக்கும் ஒரே கருத்து: முடிவு பிரமாதம். இரண்டரை மணி நேரம் நிர்மலா கெட்டுப்போவதைக் கண்ணாரப் பார்த்துவிட்டு, கடைசி ஐந்து நிமிஷத்தில் அவளுக்குத் தண்டனையும் கிடைத்துவிட்டால் மனசுக்கு ஒரு நிம்மதி.

நாச்சிமுத்துவும் பார்த்தான். ஸ்டாஃப் வீட்டுக்காரர் என்று ஓசியில். வீட்டுக்கு வந்தவன் நாற்காலியை அடுப்படிப் பக்கம் திருப்பிப் போட்டான்.

“ஏம்புள்ள, உனக்கு மனசுக்குள்ள ஏதாச்சும் ஆசை கீசை இருக்குதா?”

கேள்வி புதிதாக இருந்தது. கல்யாணத்துக்கு அப்புறம் அவன் அவளிடம் கேட்டதெல்லாம் சட்டையும் சீப்பும் எங்கே என்றுதான். “உளுத்தம்பருப்பு தீந்து போச்சுங்க,” என்றாள்.

அவன் நம்பவில்லை. படத்தில் நிர்மலாவும் இப்படித்தான் பருப்பைப் பற்றிப் பேசுகிறாளாம். அடுத்த நாளிலிருந்து துணைக்கு என்று சொல்லிக்கொண்டு தியேட்டர் வாசலில் வந்து நின்றான். ஊரில் அவன் ஒருத்தன் மட்டுமா? படம் பார்த்தவன் எல்லாம் வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டியை ஒரு மாதிரி பார்க்க ஆரம்பித்தான். தலையில் பூ வைத்தால் யாருக்கு, ஜன்னலைத் திறந்தால் எதற்கு என்று கேள்வி. இந்த ஆம்பளைகளுக்கு என்னதான் ஆயிற்று என்று தெரியாமல் பெண்கள் முழித்தார்கள்.

தெரிந்துகொள்ள முதலில் கிளம்பியவள் சுப்பம்மா. சிலோன் தோட்டத்திலிருந்து வந்து இங்கே எஸ்டேட்டில் பேர் பதிந்த குடும்பம். கவுண்டர் ஓட்டைக்குள் கையை விடாமல் வாயை வைத்துப் பேசினாள்.

“தங்கச்சி, பொம்பளையோட ஆசைன்னுதானே எழுதிப் போட்டிருக்கான்? அதை ஆம்பளை மட்டும் பார்த்தா எப்பிடி? எங்க லயத்து வீடுங்கள்ல அத்தனை பொம்பளையும் வேலை இல்லாமத்தான் குந்திக்கிட்டு இருக்கோம். ஒரு நாளைக்கு எங்களுக்குன்னு போடச் சொல்லு.”

சில்வஸ்டர் ஜெபம் செய்தாரோ, மனக்கணக்குப் போட்டாரோ, சனிக்கிழமை மதியம் பெண்களுக்கு மட்டும் என்று போர்டு எழுதிவிட்டார். ஆண்கள் வாசலிலேயே நிற்கக்கூடாது என்று ஏற்பாடு. ஆகவே நாச்சிமுத்துவும் இல்லை. எஸ்டேட்டுப் பெண்கள் கம்பளியும் குடையுமாக வந்தார்கள். கடைவீதிப் பெண்கள் காய்கறிப் பையோடு வந்தார்கள், வழியில் நுழைந்துவிட்ட மாதிரி. முகத்தை மூடிக்கொண்டு வந்தவர்களும் உண்டு. சாந்தாமணி கவுண்டரைச் சாத்திவிட்டு முதல் தடவையாக உள்ளே போய் உட்கார்ந்தாள்.

நிர்மலா மெல்லிய புடவையில் மாடியில் மழையில் நனைந்தாள். “காய்ச்சல் வரப்போவுது பாரு,” என்று ஒரு குரல். காதலன் கண்ணை மூடி மூச்சு வாங்கினான். “இந்த ஆளுக்கு என்ன, ஆஸ்துமாவா?” என்றாள் இன்னொருத்தி. தியேட்டரே குலுங்கியது. “இத்தாம்பெரிய ஊட்டை யாருங்க கூட்டறது?” என்று கடைவீதிப் பக்கமிருந்து கேட்டது நியாயமான சந்தேகமாக எல்லாருக்கும் பட்டது. ஆண்கள் பேசிப் பேசி வாய் ஊறிய காட்சிகளில் பெண்கள் வறுகடலை உரித்தார்கள்.

அவர்கள் பேச்சை நிறுத்தியது வேறு ஒரு இடத்தில். நிர்மலா சாப்பாடு பரிமாறுகிறாள். புருஷன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் தட்டை மட்டும் நீட்டுகிறான். அவள் கரண்டியோடு அப்படியே நிற்கிறாள். அவன் தட்டை ஆட்டுகிறான், நிமிர்ந்து பார்க்கவில்லை. அவ்வளவுதான் காட்சி. இதைப் பற்றி ஒரு ஆம்பளையும் வெளியே வந்து பேசியதாகச் சாந்தாமணிக்கு ஞாபகமில்லை. இப்போது கடலை உரிக்கிற சத்தம்கூட இல்லை. அவளும் மடியில் கைகளை வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள்.

நிர்மலா துப்பாக்கியோடு மாடிப்படி இறங்குகிற நேரத்தில் கரண்ட் போயிற்று. மழைக்கு எங்கேயோ மரம் விழுந்திருந்தது. ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை. எஸ்டேட் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் பெண்கள் எழுந்து நடந்தார்கள். பஸ் ஸ்டாண்டு போய்ச் சேர்வதற்குள் முடிவை அவர்களே முடித்துவிட்டார்கள். “வாசல்ல காரு நிக்கிதுல்ல, சாவியும் அவ கையில. ஏறிப் போயிட்டா. யாரையும் சுடவும் இல்லை, கிடவும் இல்லை. எந்த மடச்சி சுட்டுட்டு ஜெயிலுக்குப் போவா?” என்றாள் சுப்பம்மா. அதுதான் படத்தின் முடிவு என்று கூடவே நடந்த சாந்தாமணியும் எடுத்துக்கொண்டாள்.

பெண்கள் காட்சி நடந்தது தெரிந்ததும் ஊர் கொதித்தது. ஆண்கள் பார்த்தவரைக்கும் ஜலதோஷத்தோடு போன படம், பெண்கள் பார்த்ததும் பண்பாட்டுச் சீரழிவாகிவிட்டது. மன்றத்துக் கூட்டம் ஞாயிறு காலையில், ஹார்டுவேர் கடை மாடியில். விளக்கம் சொல்ல மேனேஜரைக் கூப்பிட்டார்கள். சில்வஸ்டர் நெஞ்சுவலி என்று படுத்துக்கொண்டு சாந்தாமணியை அனுப்பினார்.

முன்வரிசையில் ஆண்கள், சுவரோரம் அவர்கள் வீட்டுப் பெண்கள். லிங்கசாமியின் மனைவி ஸ்ரீமதியும் இருந்தாள். லிங்கசாமி எழுந்து தொண்டையைக் கனைத்தார்.

“இந்தப் படத்தை நான் பார்க்கலைங்க. பார்க்கற எண்ணமும் இல்லைங்க. சாக்கடை நாறுதுன்னு சொல்ல உள்ள இறங்கிப் பார்க்கோணுமா? இந்தம்மா குடும்பப் பொம்பளை. இவிங்களே சொல்லட்டும், அதுல என்னதான் கதைன்னு.”

சாந்தாமணி அவருடைய பவள மோதிரத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டுக் கதையைச் சொன்னாள். பணக்காரப் புருஷன், பேசாத புருஷன், வேறொருத்தன், அவன் மிரட்டல். கூட்டம் முதல் தடவை கேட்கிற முகத்தோடு கேட்டது. “கடைசில கையில துப்பாக்கியோட இறங்கி வர்றாளுங்க. வந்து, காரை எடுத்துட்டுப் போயிடறாளுங்க. அத்தோட படம் முடிஞ்சுதுங்க.”

“போயிடறாளா?” லிங்கசாமியின் முகம் சிவந்தது. அபாண்டத்தைப் பொறுக்க முடியாத மனுஷர். “என்னம்மா பேசறீங்க? எங்க போறா? படியில உருண்டு உழுந்து, புருஷன் கால்ல தலையை வெச்சு, தப்புப் பண்ணிட்டேன்னு சொல்லித்தான் சாகறா! அதுதானே படத்துக்கே உசுரு!”

“கால்ல இல்லைங்க, மடியில,” என்றார் ஹார்டுவேர்காரர், திருத்துகிற உற்சாகத்தில்.

“மொதல்ல காலு, அப்புறந்தான் மடி. ரெண்டாவது தடவை பார்த்தப்ப நல்லாக் கவனிச்சேன்,” என்றார் டியூஷன் வாத்தியார்.

அப்புறம்தான் மூன்று பேரும் சுவரோரம் திரும்பிப் பார்த்தார்கள். வெளியே மலை ரயில் ஊதியது. சுவரோரத்திலிருந்து ஸ்ரீமதி கேட்டாள், சத்தம் போடாமல்:

“ஏனுங்க, போன வாரம் ஆபீஸ்ல ஆடிட்டுன்னு சொல்லீட்டுப் போனீங்களே, அது இதானுங்களா?”

யாரோ ஒரு பெண் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள், மூடியும் பிரயோஜனமில்லை. சிரிப்பு சுவரோரம் முழுக்க ஓடியது. ஆண்கள் ஒவ்வொருவராக வேலை இருப்பதாகச் சொல்லி எழுந்தார்கள். வேலையே இல்லாத காலத்தில் அத்தனை பேருக்கும் வேலை வந்தது அன்றைக்குத்தான். படத்தைத் தடை செய்யச் சொல்லி மனு எதுவும் போகவில்லை. நடந்த கலாட்டாவில் படம் இன்னும் இரண்டு வாரம் ஓடியது. லிங்கசாமிக்கு ஏல சென்டரில் ‘மடியா காலா’ என்று பேர் வந்தது. ஸ்ரீமதி ஆடிட்டைப் பற்றி அப்புறம் பேசவே இல்லை. பேசாமலே வேண்டியதை எல்லாம் சாதித்துக்கொண்டாள் என்று கேள்வி.

அன்று மத்தியானம் நாச்சிமுத்து மறுபடியும் பிடித்துக்கொண்டான். “ஊரே சிரிக்குது. ஒளிக்காமச் சொல்லு. உனக்கு என்ன ஆசை?”

சாந்தாமணி ரசத்தை இறக்கி வைத்தாள். சொல்லும்போது குரலில் கோபம் இல்லை.

“மத்தியானத்துல கொஞ்ச நேரம் ஊட்டுல நான் மட்டும் இருக்கோணுங்க. கதவைத் தாப்பாள் போட்டுட்டுப் படுத்துக்கோணும். ரசத்துல புளி பத்தலைன்னு யாரும் சொல்லக் கூடாது. அவ்வளவுதானுங்க. நீங்க வேலைக்குப் போனா எல்லாம் நடக்கும்.”

அவன் அவள் முகத்தை வெகுநேரம் உற்றுப் பார்த்தான். இதில் உள்ளர்த்தம் எங்கே இருக்கிறது என்று தேடினான். கிடைக்கவில்லை. கிடைக்காததுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை. சாப்பிடாமல் எழுந்தவன், அந்த ரோஷத்திலேயே திருப்பூர் போனான். பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை கிடைத்தது. மேற்பார்வை பார்க்க நிறையப் பேர் இருந்தார்கள். மனுஷன் கொஞ்சம் சதை போட்டான்.

தேயிலை விலை ஏறவில்லை. மலையரசியில் மத்தியானக் காட்சியை எடுத்துவிட்டார்கள், சம்பளத்தில் அதற்கும் ஒரு வெட்டு. சாந்தாமணி வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. சோறு ஆக்கி, தின்று, தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுக் கம்பளிக்குள் படுப்பாள். தகரக் கூரையில் மழை விழும். தூங்குவதும் இல்லை, எதையும் நினைப்பதும் இல்லை.

மூன்றாம் நாளே பக்கத்து வீட்டுக் காயத்ரி கதவைத் தட்டினாள்.

“ஏனுங்கக்கா, பட்டப்பகல்ல கதவைச் சாத்தீட்டு என்ன பண்றீங்க?”

“சும்மா படுத்திருக்கேன்.”

“சும்மாவா?” காயத்ரி அவள் தோளுக்கு மேலாக உள்ளே எட்டிப் பார்த்தாள்.

திருப்பூருக்கு ஃபோன் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை நாச்சிமுத்து சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினான். கட்டிலுக்கு அடியில் குனிந்தான், செருப்புத் தேடுகிற மாதிரி. அலமாரியைத் திறந்தான், துண்டு எடுக்கிற மாதிரி. பின்பக்கம் போய் விறகுக் கொட்டகையையும் பார்த்தான். எங்கேயும் ஒன்றுமில்லை. வந்து தன் பழைய நாற்காலியில் உட்கார்ந்து, நீட்டிய காலை மடக்காமல், “கொஞ்ச நாளைக்கு இங்கயே இருக்கலாம்னு பார்க்கறேன்,” என்றான்.

சாந்தாமணி டீயைக் கொண்டுவந்து வைத்தாள். புதுத் தூள், நல்ல ஸ்ட்ராங்கு. பக்கத்தில் அவன் பையையும் எடுத்து வைத்தாள்.

“குடிச்சுட்டுக் கெளம்புங்க,” என்றாள். “திருப்பூர் பஸ்ஸு எத்தனை மணிக்குங்க?”